முகப்பும் முதலும்

எந்தக் கட்சிக்கும் பெருநிறுவனத்துக்கும் சொந்தமில்லாத உள்ளூர்ச் செய்தித்தளம் ஒன்றை நடத்துபவர்களுக்கு இரண்டு வேலைகள் ஓயாமல் இருக்கும். தளத்தைக் காலத்துக்கேற்பப் புதுப்பிக்க வேண்டும். அதை நடத்தப் பணம் தேட வேண்டும். முதல் வேலையைக் கணினி தெரிந்தவரிடமும் இரண்டாவதைக் கணக்குத் தெரிந்தவரிடமும் தனித்தனியாக ஒப்படைத்துவிடலாம் என்று தோன்றும். நடைமுறையில் ஒன்றில் செய்யும் பிழை மற்றொன்றில் போய் வெடிக்கிறது. மலேசியாவின் இருபத்தைந்து ஆண்டு இணையச் செய்தி வரலாறு முழுக்க இதற்குச் சான்றுகள் கிடக்கின்றன.

இப்படிப்பட்ட தளம் ஏன் வேண்டும் என்பதற்கு ஜொகூரின் தென்மேற்கு மூலையிலுள்ள கெலாங் பாத்தாவைப் பார்த்தால் போதும். மலாயில் 'உடைந்த வளையல்' என்று பொருள்படும் பெயர் கொண்ட சிற்றூர் அது. 1998 ஜனவரியில் சிங்கப்பூரின் துவாஸுடன் இணைக்கும் இரண்டாவது பாலம் திறந்தது. அடுத்த ஆண்டே தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2013 மே 5 பொதுத்தேர்தலில் ஜொகூர் மந்திரி புசார் அப்துல் கனி ஒத்மானை எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான லிம் கிட் சியாங் 14,762 வாக்குப் பெரும்பான்மையில் தோற்கடித்தபோது நாடே கெலாங் பாத்தாவைப் பார்த்தது. பிரசாரக் காலத்தில் வந்து குவிந்த செய்தியாளர்கள் தேர்தல் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். 2018இல் தொகுதியின் பெயரே இஸ்கந்தர் புத்திரி என்று மாறிவிட்டது.

2013 தேர்தலுக்கு அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் முக்கியமானது. கெலாங் பாத்தாவை அடுத்த கடலில், பின்னாளில் 'ஃபாரஸ்ட் சிட்டி' எனப் பெயர் பெற்ற செயற்கைத் தீவுகளுக்காக மணல் கொட்டப்பட்டது. தஞ்சோங் குப்பாங் மீனவர்கள் வலை வீசிய இடம், கடற்புல் வளர்ந்த இடம் அது. விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு அப்போது முடிந்திருக்கவில்லை. சிங்கப்பூர் அரசு கவலை தெரிவித்த பிறகே வேலை நின்றது. 2015 ஜனவரியில் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கிடைத்து மீண்டும் தொடங்கியது. கரையில் நின்றவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று, எல்லை தாண்டிய அரசியலான பிறகுதான் பெரிய செய்தியாயிற்று. இடைப்பட்ட அந்த நாட்களை நிரப்புவதற்குத்தான் உள்ளூர்ச் செய்தியாளர் வேண்டும். பாலத்தில் இரண்டு மணி நேரம் மோட்டார் சைக்கிளில் காத்திருப்பவரும், நகராண்மை அறிவிப்பின் பொருள் புரியாத கடைக்காரரும் தேடும் செய்தியைத் தலைநகரத்து ஆசிரியர் மேசை தினமும் தராது.

மலேசியாவில் சுதந்திரச் செய்தி இணையத்தில் வளர்ந்ததற்குச் சட்டமே காரணம். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். ஆனால் பல்லூடகப் பெருவழித் திட்டத்துக்கு முதலீட்டாளர்களை ஈர்க்க, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று 1990களில் அரசு வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கில் காலூன்றி, 'தி சன்' நாளிதழில் பணிபுரிந்த ஸ்டீவன் கானும் பிரமேஷ் சந்திரனும் 1999 நவம்பர் 20 அன்று, பொதுத்தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு, மலேசியாகினியைத் தொடங்கினார்கள். தொடக்க முதலில் பெரும்பங்கு தென்கிழக்காசியப் பத்திரிகைக் கூட்டணி தந்த சுமார் 1,00,000 அமெரிக்க டாலர்.

அந்த முதல் பணமே முதல் பாடத்தையும் தந்தது. 2001இல் ஜார்ஜ் சோரோஸின் பணத்தில் தளம் நடக்கிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மலேசியாகினி மறுத்தது, என்றாலும் 'அந்நியக் கைக்கூலி' என்ற வசை பல ஆண்டுகள் அதைத் தொடர்ந்தது. வெளிநாட்டு மானியம் வாங்குவதில் ஒழுக்கக் கேடு எதுவும் இல்லை. ஆனால் யார், எவ்வளவு, எதற்காகக் கொடுத்தார்கள் என்பது தளத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும். 'எங்கள் நிதி' என்ற பக்கம் அலங்காரத்துக்கு உரியதன்று. அதுவே தளத்தின் கவசம். மறுவடிவமைப்பின்போது பலர் அதை அடிக்குறிப்புக்கும் கீழே தள்ளிவிடுகிறார்கள்.

விளம்பரம் கைகொடுக்கவில்லை. அரசின் கோபத்துக்கு அஞ்சிய நிறுவனங்கள் ஒதுங்கின. இணைய வணிகக் குமிழியும் அதே காலத்தில் உடைந்தது. 2002இல் மலேசியாகினி சந்தா முறைக்கு மாறியது. இலவசமாகப் படித்துப் பழகியவர்களிடம் காசு கேட்பது அன்றைக்குத் தற்கொலை முடிவாகத் தெரிந்தது. வாசகர் எண்ணிக்கை சரிந்தது. எஞ்சியவர்களோ பணம் கொடுத்துப் படித்தவர்கள். 2003 ஜனவரி 20 அன்று, ஒரு வாசகர் கடிதம் தொடர்பான புகாரின்பேரில் காவல்துறை மலேசியாகினியின் அலுவலகத்தில் நுழைந்து 19 கணினிகளை எடுத்துச் சென்றது. சில மணி நேரத்தில் தளம் மீண்டது என்றால், வேறிடத்தில் நகல் வைத்திருந்த முன்யோசனையே காரணம். சிறு தளத்தின் செலவுப் பட்டியலில் முதலில் வெட்டப்படும் வரி இந்த நகல் சேமிப்புதான். அதை வெட்டக் கூடாது.

வாசகர் பணம் எப்போது பெருகி வந்தது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சொந்த அலுவலகம் வாங்க வேண்டியிருந்தபோது 1,000 ரிங்கிட்டுக்கு ஒரு செங்கல் என்று மலேசியாகினி விற்றது; கொடுத்தவர்களின் பெயர் சுவரில் ஏறியது. பகாங் மாநிலம் ரவூப் அருகே, புக்கிட் கோமான் மக்கள் தங்கச் சுரங்கத்தில் பயன்பட்ட சயனைடைப் பற்றி எழுப்பிய அச்சத்தை வெளியிட்டதற்காகச் சுரங்க நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மலேசியாகினிக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, 350,000 ரிங்கிட் சட்டநிதி வாசகர்களிடமிருந்தே திரண்டது. 2021 பிப்ரவரி 19 அன்று, வாசகர்கள் இட்ட ஐந்து கருத்துகளுக்காகக் கூட்டரசு நீதிமன்றம் நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்தின் பேரில் 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. அரசுத் தரப்பு கேட்டது 200,000 மட்டுமே. ஏழு நீதிபதிகளில் நளினி பத்மநாதன் ஒருவரே மாறுபட்டார். அபராதத் தொகை முழுதும் அன்று மாலைக்குள் சேர்ந்துவிட்டது.

செங்கல், வழக்கு, அபராதம் ஆகிய மூன்றிலும் கேட்ட தொகை தெளிவாக இருந்தது, காரணமும் ஒரே வரியில் சொல்லக்கூடியது, கொடுத்தவருக்குத் தம் பங்கு எங்கே போனது என்று தெரிந்தது. 'எங்களை ஆதரியுங்கள்' என்று பொதுவாக வைக்கும் பொத்தானுக்கு இந்த வலு இல்லை. டெல்லியின் நியூஸ்லாண்ட்ரியும் இதே வழியைக் கண்டது: குறிப்பிட்ட ஒரு புலனாய்வுக்கு இவ்வளவு தேவை என்று அறிவித்து வாசகரிடம் திரட்டுகிறது, 2014இல் பெங்களூரில் தொடங்கிய தி நியூஸ் மினிட்டும் அதனுடன் சேர்ந்து தேர்தல் செய்திகளுக்கு இப்படி நிதி திரட்டியிருக்கிறது.

ஆனால் இந்த அனுபவத்தை அப்படியே ஒரு சிற்றூருக்குக் கொண்டுவர முடியாது. மலேசியாகினிக்கு ஒரு தேசமே வாசகர் கூட்டம். உள்ளூர்த் தளத்துக்கு இருப்பது சில ஆயிரம் குடும்பங்கள். ஆபத்து வரும்போது பொங்கி எழும் பணத்தை அது எதிர்பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பொருந்துவது இங்கிலாந்தின் பிரிஸ்டல் கேபிள் போன்ற கூட்டுறவு. 2014இல் தொடங்கிய அந்த உள்ளூர் ஊடகத்தின் உடைமையாளர்கள் மாதந்தோறும் சிறுதொகை கட்டும் உறுப்பினர்களே. எந்த வகை விளம்பரத்தை ஏற்கலாம் என்பதையும் அவர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கங்களில் பங்குப் பணம் கட்டிப் பழகிய மலேசியத் தமிழருக்கு இது புதிய சிந்தனை இல்லை. தோட்டப் பாட்டாளிகளிடம் பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகச் சேர்த்தே 1960இல் துன் சம்பந்தனின் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது.

ஒரே கையை நம்பியவை எப்படி விழுந்தன என்பதும் பதிவில் இருக்கிறது. 2008இல் தொடங்கிய 'தி நட் கிராப்' நல்ல எழுத்துக்குப் பெயர் பெற்றும் பணம் போதாமல் ஆட்களைக் குறைத்துக்கொண்டு, 2014இல் நின்றது. 2008இலேயே பிறந்த 'தி மலேசியன் இன்சைடர்' 2014இல் ஓர் ஊடக நிறுவனத்தின் கைக்குப் போனது. 2016 பிப்ரவரியில் அரசு அதை முடக்கியது. மார்ச் 14 அன்று, இருபது மாதத்தில் ஒரு கோடி ரிங்கிட் நட்டம் என்று சொல்லி உரிமையாளர் மூடினார். வாசகர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் நடுவே ஒரே ஒரு முதலாளி. அவர் கையை விரித்ததும் எல்லாம் முடிந்தது. அயல்நாட்டு மானியமும் அப்படித்தான். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, அதை நம்பியிருந்த பல நாடுகளின் சிறு ஊடகங்கள் சம்பளம் கொடுக்க முடியாமல் தவித்தன.

இனி வடிவமைப்பு. மறுவடிவமைப்புக்கு மானியம் எளிதில் கிடைக்கும். செய்தியாளர் சம்பளத்துக்குக் கிடைப்பது கடினம். கொடுப்பவருக்குப் புதிய முகப்பைப் படம் பிடித்து அறிக்கையில் ஒட்ட முடிகிறது. அதனாலேயே பல தளங்கள் தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டப்பட்டு, மானியம் தீர்ந்த மறு ஆண்டு பராமரிக்க ஆளின்றிக் கிடக்கின்றன. அசையும் படங்களும் நகரும் பட்டைகளும் கெலாங் பாத்தாவில் பேருந்துக்குக் காத்திருப்பவரின் முன்கட்டணக் கைப்பேசித் தரவைத்தான் தின்னும். எடை குறைந்த பக்கம், முதல் திரையிலேயே அன்றைய செய்தி, ஒரே தொடுதலில் சந்தா: சிறு தளத்துக்கு இவ்வளவுதான் தேவை.

பழைய சுட்டிகள் உடையாமல் காப்பது எல்லாவற்றிலும் முக்கியம். புதிய அமைப்புக்கு மாறும்போது ஒவ்வொரு பழைய முகவரியும் புதியதற்கு நிரந்தரமாகத் திசைதிருப்பப்பட வேண்டும். இல்லையென்றால் தேடுபொறியில் பத்தாண்டில் சேர்த்த இடம் ஒரே வாரத்தில் போய்விடும். வழக்கறிஞரும் மாணவரும் குறித்து வைத்த செய்தி 'பக்கம் இல்லை' என்று திறக்கும். இதற்கு யாரும் மானியம் தருவதில்லை. வடிவமைப்பாளரும் இதைப் பட்டியலில் கடைசியில் வைப்பார். ஆசிரியர்தான் வற்புறுத்த வேண்டும்.

தமிழ்த் தளத்துக்குச் சொந்தமான சிக்கல்களும் உண்டு. கெலாங் பாத்தாவிலிருந்து நீரிணையைத் தாண்டினால் சிங்கப்பூர். தமிழ் இணையத்தில் முதலில் ஏறியது அங்கேதான், 1995 அக்டோபரில், நா. கோவிந்தசாமியின் முயற்சியில். அதன்பின் பத்தாண்டுக்கு மேல் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோரின் உழைப்பாலும் ஒருங்குறியின் பரவலாலும் அந்தக் குழப்பம் தீர்ந்தது. பழைய குறியாக்கத்தில் கிடக்கும் செய்திகளை மாற்றாமல் புதிய முகப்பை மட்டும் போட்டால், அவை தேடலில் அகப்படாத குறிகளாகவே கிடக்கும்.

முகவரிச் சிக்கல் இன்னொன்று. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. இணைய முகவரியாக மாறும்போது ஒன்பது எழுத்தாக விரியும். 'பாலம்' என்ற சொல்லில் ஐந்து குறிகள். முகவரியில் அது 45 எழுத்து. முழுத் தலைப்பும் முகவரியில் இருந்தால், புலனத்தில் பகிரும்போது திரை நிறைய விழுக்காட்டுக் குறிகளாக நீளும். பெரியவர்கள் அதைக் கண்டு ஏதோ மோசடி என்று பயந்து தொடமாட்டார்கள். செய்தி எண்ணை மட்டும் முகவரியில் வைப்பது நல்லது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த தலைப்புப் பெட்டியில் 'நகராண்மைக்கழகத்தின்' என்ற சொல் ஒரு வரியை நிரப்பும். வரிகளின் இடைவெளி குறைந்தால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் புள்ளியும் உரசிக்கொள்ளும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தமிழ் தெரிந்த ஒருவர் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும்.

மூடுவதற்கும் செலவு உண்டு என்பதைத் திட்டமிடும்போதே எழுதி வைக்க வேண்டும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றது. அச்சிட்ட தாள் என்பதால் இதழ்கள் நூலகங்களில் இருக்கின்றன. இணையத்தளம் அப்படியில்லை. பெயரின் ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால், சில வாரங்களில் அந்த முகவரியை வேறொருவர் வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடலாம். நிதி கேட்கும் விண்ணப்பத்திலேயே, தளம் நின்ற பின் பத்தாண்டுக்குப் பெயரையும் சேமிப்பையும் காக்கும் தொகையைத் தனியாகச் சேர்த்துக் கேட்பது நல்லது; செய்திகளின் ஒரு முழுப் படியை ஒரு நூலகத்திடம் கொடுத்து வைப்பதும் நல்லது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய பக்கங்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்படிகளாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. கெலாங் பாத்தாவில் இருப்பவர் பாலம் கடக்காமலே அவற்றைப் படிக்கலாம்.