கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை

நாம் படிப்பிக்கும் வன்னிப் பாடசாலையில், கச்சான் விளையும் மாதங்களில் முதற் பாடவேளை பாதித் தூக்கத்திலேயே கழியும். பையன்கள் சோம்பேறிகளல்லர், இரவெல்லாம் தந்தையரோடு காவற்கொட்டிலில் விழித்திருந்தவர்கள். பன்றிக் கூட்டம் ஒருமுறை இறங்கினால், ஒரு போகத்தின் உழைப்பு ஓரிரவிற் கிளறப்பட்டுவிடும். பன்றியைச் சுடலாமா என்ற கேள்வியை வயிறு நிறைந்தவர்கள் எழுப்பட்டும். எப்படிச் சுடுவது என்பதே இங்குள்ள கேள்வி.

ஊரின் பழைய வேட்டைக்காரர் ஒருவரிடம் இதனைக் கேட்டறிந்தோம். "மாஸ்ரர், பண்டிக்குக் கண் மட்டு, மூக்குத்தான் எல்லாம்" என்றார். காற்று பன்றியிடமிருந்து நம்மை நோக்கி வீசும் பக்கத்திலேயே பரண் அமைய வேண்டும். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு மண்ணுக்குள் போகும்; சமதரையிற் சுட்டால் அயலவன் கொட்டில்வரை போகும். சரசரப்பைக் கேட்டுச் சுடலாகாது. உருவத்தை முழுதாகக் கண்ட பின்னரே விசையில் விரல் வைக்க வேண்டும். தனியனின் தோட்பட்டைத் தோல் கேடயம்போலத் தடித்தது. காயத்தோடு தப்பியதை இருளில் ஒற்றையாகத் தேடிப் போகிறவன் மூடன் என்பது அவர் தீர்ப்பு.

இவ்வளவுக்கும் உரிமமுள்ள துவக்கும் துணைக்கு ஆட்களும் வேண்டும். இவையில்லாத ஏழை, இடியன் துவக்கொன்றைப் பன்றித் தடத்தருகே தடியிற் கட்டி, குறுக்கே நூலை இழுத்துவிட்டு உறங்கப் போகிறான். நூலைத் தட்டும் கால் எவருடையதென்று அத்துவக்கு அறியாது. எம் மாணவன் ஒருவனின் தந்தை விறகுக்குப் போய் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தார். கட்டியவர் யாரென்று ஊருக்குத் தெரியும். அவரும் குத்தகைக் காணி செய்பவர்தாம். இரையிற் பொதிந்து வைக்கும் வெடியும் இத்தகையதே. பன்றிக்கென்று வைத்த அவ்வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைக்குட்டிகள் பட்டினியால் மெல்லச் சாகின்றன.

நற்றிணையின் 119ஆம் பாடலில், தினை தின்னும் பன்றிக்குப் புனவன் வைத்த கல் அடாரிற் புலி அகப்படுகிறது. அதைப் படிப்பித்த அன்று அம்மாணவன் எழுந்து, "சேர், அந்தப் பொறியிலை ஆக்கள் ஒருத்தரும் விழேல்லையோ?" என்றான். உரையாசிரியர்கள் எவரும் கேளாத கேள்வி அது.

இப்பொழுது ஆறு குடும்பங்கள் தம் தோட்டங்களை ஒரே வேலிக்குள் அடைத்து, முறைவைத்துக் காவல் செய்கின்றன. பரண் இரண்டு, ரோச் லைற் நான்கு, தட்டுவதற்குப் பழைய தகரங்கள். துவக்கு முதியவருடையது ஒன்றே. இன்னொன்றுக்கு உரிமம் கேட்டு அவர்கள் எழுதிய விண்ணப்பத்தை நாமே திருத்திக் கொடுத்தோம். மறுமொழி இன்னும் வரவில்லை.