ஒத்த வெடி

டிஸ்கி: வனத்துறை நண்பர்கள் யாரும் பதற வேண்டாம். நான் சுட்டது எல்லாம் கம்ப்யூட்டர் கேம்ல மட்டும்தான் :-)

எங்க டீம்ல டென்வர்ல ஒருத்தன் இருக்கான். ராத்திரி கால்ல வேலை முடிஞ்சா பேச்சு நேரா வேட்டைக்குப் போயிரும். கொலராடோ மலையில பதினோராயிரம் அடிக்கு மேல, வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியோட மான் வேட்டை. செப்டம்பர் நடுவுல ஒன்பது நாள்தான் சீசன். ஏப்ரல் ஆரம்பத்துலயே மனுப் போட்டு, குலுக்கல்ல பேர் விழணும். தொலைநோக்கி மாட்டக் கூடாது. தூள் மருந்துதான், வில்லையா வர்ற மருந்து கூடாது. உடம்புல பளீர்னு ஆரஞ்சோ பிங்க்கோ போட்டுக்கணும். இதுக்குன்னே பய ஒரு எக்செல் ஷீட் வெச்சிருக்கான். எங்க ரிலீஸ் பிளான் கூட அவ்வளவு ஒழுங்கா இருக்காது.

"செப்டம்பர்ல நீ ஆன்சைட் வர்றல்ல? சுட வேண்டாம். கறி சுமக்க ஆள் வேணும், வா"ன்னான். அந்த வாரக் கடைசியில ஷீட்டை மொபைல்ல ஏத்திக்கிட்டு களக்காட்டுக்குப் பஸ் ஏறிட்டேன். எங்க தாத்தா அந்தக் காலத்துல அதே மாதிரி துப்பாக்கி வெச்சிருந்தவர். நம்மூர்ல நாட்டுத் துப்பாக்கி. பயிர்க் காவலுக்குன்னு லைசன்ஸ். (காவல் பாதி, கறி மீதி.) 1972ல வனவிலங்குச் சட்டம் வந்தது, 1976ல களக்காடு சரணாலயம் ஆச்சு, 1988ல முண்டந்துறையோட சேர்ந்து புலிகள் காப்பகம். துப்பாக்கியை எப்பவோ ஒப்படைச்சாச்சு.

ஷீட்டை ஒவ்வொரு வரியா தமிழ்ல படிச்சுக் காட்டுனேன். தாத்தா திண்ணையில கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே வந்தார்.

"மருந்தை எதுல வெப்பான்? மேல மஞ்சு எறங்குனா வெடியுப்பு ஈரத்தை உறிஞ்சிரும்லே. நமுத்த மருந்து புஸ்ஸுன்னு போயிரும்."

அது ஷீட்ல இருந்தது. காத்தும் இருந்தது. விடியும்போது காத்து மலையில இருந்து கீழ எறங்கும், வெயில் ஏறுனா மேல ஏறும். அதனால காலையில மிளாவுக்குக் கீழ நிக்கணும், இல்லன்னா நம்ம வாடை அதுக்குப் போயிரும்னார். (வெளியூர்க்காரங்களுக்கு: மிளான்னா கடமான். பெரிய கடா இருநூறு கிலோவுக்கு மேல இருக்கும்.) எக்செல்லே பார்க்காத மனுஷன், அமெரிக்காக்காரன் எழுதுன அதே வரியைச் சொல்றார்!

"சரி. அடிபட்டு ஓடுச்சுன்னா?"

முழுக்க ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தேன். அந்த வரி இல்ல.

"ஒத்த வெடிதாம்லே. போட்டதும் ஒரே புகை. புகை கலையுததுக்குள்ள அது இருக்காது. மறுபடி மருந்தை இடிச்சு, ஈயம் போட்டு, கேப்பு மாட்ட ஒரு நிமிசம் ஆவும்."

கொஞ்ச நேரம் பேசல. பொறவு அவரே ஆரம்பிச்சார். ஒரு ஐப்பசி. செங்கல்தேரிக்கு ஏறுற வழியில, அந்தி நேரம். மூணு நாளைக்கு அரிசி கெட்டிக்கிட்டு மூணு பேர் போயிருக்காங்க. மூணாம் நாள் சாயங்காலம்தான் மிளா நின்னிருக்கு. வெளிச்சம் பத்தாதுன்னு தெரிஞ்சும் போட்டுட்டார். எலையில ரத்தம். பின்னாலேயே போறதுக்குள்ள இருட்டி, மழை புடிச்சு, தடம் கழுவிருச்சு. மறுநாள் மத்தியானம் வரைக்கும் தேடியிருக்காங்க. அரிசி தீந்துபோச்சு. எறங்கிட்டாங்க.

"ராத்திரி ஒரு தடவை கத்துச்சுலே. கேட்டோம்."

அவ்வளவுதான் சொன்னார். "இன்னும் ரெண்டு படி அரிசி எடுத்திருந்தா தேடியிருக்கலாம்"னு கொஞ்சம் கழிச்சு. உள்ள இருந்த ஆச்சி வாசல் வரை வந்து நின்னு, ஒண்ணும் சொல்லாம திரும்பிப் போனாங்க. ஆச்சிக்கே இது இதுவரைக்கும் தெரியாதாம்.

திருநெல்வேலி திரும்புற பஸ்லயே டென்வர்க்காரனுக்கு எழுதிட்டேன். "இந்தக் கேள்விக்கு உன் ஷீட்ல பதில் இல்ல. அது வந்தாத்தான் நான் சுமக்க வருவேன்."

ரெண்டு நாள் பதிலே இல்ல. கோச்சுக்கிட்டான்னு நெனச்சேன். மூணாம் நாள் புது ஷீட் வந்தது. கடைசி ரெண்டு நாள் வெடி கெடையாது, தேடுறதுக்கு மட்டும். சூரியன் மறைஞ்சு அரை மணி வரைக்கும் சுட அங்க சட்டம் இருக்கு. இவன் மறையுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே நிறுத்துறதா மாத்தியிருக்கான். சாப்பாடு ரெண்டு நாளைக்குக் கூடுதல்.

அன்னிக்கு ராத்திரியே தாத்தாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அங்க அரிசி கெடைக்குமாலே?"ன்னார்.