கொழுக்கட்டைப் புல்

புல்லென்றால் அற்பமென்று எண்ணுவது உலக வழக்கு. ஆயினும் மழை வறண்ட நாட்டிலே மண்ணையும் மாட்டையும் ஒருங்கே காப்பது புல்லேயாம்.

கொங்குநாட்டிலே காங்கேயம், தாராபுரம் பக்கங்களிற் செல்வோர், கிளுவை வேலி சூழ்ந்து, இடையிடையே வெள்வேல மரம் நிற்கும் மேய்ச்சல் நிலங்களைக் காண்பர். அவற்றைக் கொறங்காடு என்பர் அவ்வூரார். அங்கே காங்கேயம் மாடுகள் விரும்பி மேய்வது கொழுக்கட்டைப் புல். இதனையே தார்ப் பாலைவனத்தார் அஞ்சன் என்பர். மழை பொய்த்தால் இது வைக்கோல்போற் காய்ந்துவிடும். கண்டோர் பட்டுப்போயிற்றென்றே எண்ணுவர். வேரோ ஆழத்தில் உயிரோடிருக்கும். நல்ல மழையொன்று பெய்யின், சில நாளிலே தூர்தோறும் தளிர்க்கும்.

இதனை ஈண்டு நாம் எடுத்துரைப்பது என்னை? கோடைதோறும் நம் விடுதிக் கிணறு வற்ற, குடிநீர் வண்டியில் வருகின்றது. குடமேந்தி வரிசையில் நிற்கின்றோம். அதே வேளையில் முகப்பிலுள்ள புற்றரைக்கு மாலைதோறும் நீர் பாய்கின்றது. கண்ணுக்கினிய பசுமை வேண்டாமென்று நாம் கூறவில்லை. அப்பசுமைக்கு ஈடாகக் கொடுப்பது குடிநீரோ என்பதே நம் வினா.

பாதையோரங்களிலும் சரிவுகளிலும் கொழுக்கட்டைப் புல்லை இடம்விட்டு வளர்த்தால், அதன் வேர் மண்ணரிப்பைத் தடுக்கும். கதிர்கள் காற்றிலசைவது காட்சிக்கும் இனிது. வேரூன்றும்வரை நீர் வேண்டும்; பின்னர் மழையே பெரும்பாலும் போதும். இது குத்துக்குத்தாக வளர்வதாகலின் விளையாடுமிடத்திற்கு ஏலாது. கோடையிற் பசுமையும் இராது. காய்ந்த தாள் எளிதில் தீப்பற்றுமாதலின் அதனை அறுத்துவிடவும் வேண்டும்.

மற்றொன்றும் கூறுதல் கடன். 20ஆம் நூற்றாண்டிலே கால்நடைத் தீவனத்திற்கும் மண் காப்பிற்குமென இப்புல்லை அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றனர். அரிஸோனாவின் ஸொனோரன் பாலைவனத்திலே அது கட்டுக்கடங்காமற் பரவிற்று. தீக்குப் பழகாத அந்நிலத்திலே, நெடிதுயர்ந்த ஸகுவாரோ கள்ளிகள் இதன் நெருப்பிற்கு இரையாகின்றன. 2005ஆம் ஆண்டில் அம்மாநிலம் இதனைத் தீய களையென அறிவித்தது. அந்நாட்டார் தம் தோட்டங்களுக்குத் தக்கதென வளர்ப்பது தம் மண்ணிற்குரிய மான்புல்லையாம். அதுவும் சிறிது நீரில் வாழ்வது. கலிபோர்னியாவின் பூர்வகுடிகள் அதன் தண்டினாற் கூடை முடைவர்.

இங்கே மண்ணைக் காக்கும் புல் அங்கே காட்டை எரிக்கின்றது. ஆகவே, நீர் வேண்டாதது என்பது மட்டும் ஒரு புல்லுக்குச் சிறப்பாகாது. எம்மண்ணிற்கு உரியது என்பதையும் ஆராய்தல் வேண்டும். நம் மண்ணிற்குரிய புல் வேலிக்கு அப்பால் கேட்பாரற்று நிற்கின்றது. வரும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு பாத்தியிலேனும் அதனை விதைத்துப் பார்க்குமாறு ஆசிரியப் பெருமக்களையும் மாணவ நண்பர்களையும் வேண்டுகின்றோம். விதை சேர்க்கும் வேலையை நாமே ஏற்போம்.