58-ஐத் தாண்டினால் சிவப்பு!

"என்ன சார், வண்டி நின்னுடுச்சு?"

"காத்து தம்பி. காத்து அடங்கினாத்தான் வண்டி நகரும்."

2011-ல் நடந்தது இது. பி.காம். முடித்து, வேலைக்குச் சேர்ந்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய முதல் லீவு. மொத்தமே இரண்டு நாள். அதில் ஒன்றரை மணி நேரத்தை மண்டபம் ஸ்டேஷனில் காற்றுக்குத் தாரை வார்த்துக்கொண்டிருந்தேன். புயலும் இல்லை, மழையும் இல்லை. பிளாட்பாரத்து வேப்பமரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"இதுக்குப் போயா நிறுத்துவாங்க? எங்க மேனேஜர் பெருமூச்சு விட்டாலே இதைவிட வேகமா அடிக்குமே!" என்றேன். கம்பார்ட்மென்ட்டே சிரித்தது. எதிர் சீட்டுப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அறுபத்து நாலுல இப்படி நிறுத்தி வெச்சிருந்தா, எங்க சித்தப்பா வீடு வந்து சேர்ந்திருப்பாரு தம்பி" என்றார்.

அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் பேசினார்.

1964 டிசம்பர் 22, நள்ளிரவு நெருங்கும் நேரம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில், ஊரை எட்டும் தறுவாயில் புயலில் மாட்டிக்கொண்டது. சிக்னல் விழவில்லை என்றும், டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, நீளமாக விசில் கொடுத்து வண்டியை எடுத்தார் என்றும் சொல்வார்கள். ராட்சத அலை வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் ரயில் கடலுக்குள் போனது. ஒருவர்கூடத் தப்பவில்லை.

அந்த டிரைவரைக் குறை சொல்ல நாம் யார்? கும்மிருட்டு, கொட்டும் மழை, ஊர் போய்ச் சேரத் துடிக்கும் ஜனங்கள். 'போகலாமா, வேண்டாமா' என்ற முடிவை அந்த நேரத்தில் ஒரு தனி மனிதன் தலையில் கட்டியதுதான் தப்பு.

பாம்பன் பாலத்தில் அந்தத் தப்புக்கு இடமில்லாமல் செய்திருந்தார்கள். பாலத்தில் காற்றை அளக்கும் கருவி இருந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். சிபாரிசு, கெஞ்சல், 'நான் யார் தெரியுமா' எதுவும் அதனிடம் செல்லாது. ஸ்டேஷனில் வீசும் காற்று வேறு, நடுக்கடலில் பாலத்தின் மேல் வீசும் காற்று வேறு என்பது வேப்பமரத்துக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை!

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பச்சை விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே கைப்பிடிச் சுவர்கூட இல்லை, நேராகக் கடல்தான். வண்டி மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஊர்ந்தது.

1914-ல் திறந்த பாலம் அது. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். அதே 1964 புயல் அதன் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட கர்டர்களைப் பிடுங்கி எறிந்தது. கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பாலம் மட்டும் தப்பியது. கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, 46 நாளில் பாலத்தை நிமிர்த்தியவர் அன்றைய இளம் இன்ஜினீயர் ஸ்ரீதரன். பின்னாளில் டெல்லிக்கு மெட்ரோ கொடுத்த அதே ஈ.ஸ்ரீதரன்தான்.

ஆனால் தனுஷ்கோடி லைனை மறுபடி போடவில்லை. எதைச் சரிசெய்வது என்பது போலவே, எதைக் கைகழுவுவது என்பதும் ஒரு முடிவுதான்.

நாங்கள் காமர்ஸில் தேய்மானம் என்று ஒன்று படித்தோம். வருஷத்துக்கு இவ்வளவு சதவீதம் என்று பேனாவால் கழித்தால் முடிந்தது. உப்புக்காற்று போடும் தேய்மானம் அப்படியில்லை. சுரண்ட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், துருப்பிடித்த பாகத்தை மாற்ற வேண்டும், முடித்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசியில் 2022 டிசம்பரில், தூக்குப் பாலத்தில் பொருத்தியிருந்த சென்சார்கள் அபாய எச்சரிக்கை கொடுத்தன. ரயிலை நிறுத்தினார்கள். 108 வயசுப் பாலத்துக்கு ரிட்டயர்மென்ட். ஒரு உயிர்கூடப் போகாமல்!

புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. செலவு ஐந்நூறு கோடிக்கு மேல். நடுவில் 72.5 மீட்டர் துண்டு லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே போகிறது. திறப்பதற்கு முன்பே, 2024-ல், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் துருப்பிடிப்பு உள்பட சில குறைகளை எழுத்தில் சுட்டிக்காட்டினார். 'புதுசுக்குமா?' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. புதுசாக இருக்கும்போதே கேட்டால்தான் சார் மரியாதை. கடல் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.

போன மாதம் அதில் போனேன். மண்டபத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. பக்கத்தில் ஒரு பையன், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு, "டைம் வேஸ்ட்!" என்று அலுத்துக்கொண்டான்.

"தம்பி, நீ என்ன படிச்சே?"

"பி.காம். சார்."

சிரித்துவிட்டேன். நடக்காத விபத்துக்கு வவுச்சர் கிடையாது, அதனால் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் அது வராது என்று சொல்லலாமா என யோசித்தேன். வேண்டாமென்று, பெரியவர் எனக்குச் சொன்ன கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அறுபத்து நாலுல..."