கரிசக்காட்டுப் பலகைக்கு உப்புக்காத்து ஒத்துக்குமா?

மரத்துல டெக் போடுறது இப்போ நம்மூருக்கும் வந்தாச்சு. மொட்டை மாடியில, பால்கனியில, தோட்டத்துல எல்லாம் பலகை அடிச்சு, மேல ரெண்டு பிரம்பு நாற்காலி. பாக்க அழகுதான். ஆனா கடலோரத்துல அதைப் போட்டுட்டு நாலு வருஷம் கழிச்சு ஒரு போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லுங்க பாப்போம். யாரும் காட்ட மாட்டாங்க :-)

நான் கடம்பூர்க்காரன். (ஆமாங்க, போளிக்குப் பேர்போன அதே கடம்பூர்தான். இல்லை, பார்சல் அனுப்ப முடியாது.) எங்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. எங்க அக்கா வாக்கப்பட்டது தூத்துக்குடி. ரயில்ல மணியாச்சி போய்த் திரும்பினா சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனா அந்த 50 கிலோமீட்டர்ல காத்தே வேற ஆயிடும். இங்க சித்திரை மாசம் மதியம் உதடு வெடிக்கும். அங்க அதே மதியம் சட்டை முதுகோட ஒட்டும். இந்த வித்தியாசம் மனுசனைவிட மரத்துக்கு நல்லாத் தெரியும். இந்தப் பதிவே அதைப் பத்திதான்.

அப்பா தவறினதுக்கு அப்புறம் 2018ல எங்க பழைய மச்சு வீட்டைப் பிரிச்சோம். மச்சுப் பலகை எல்லாம் தேக்கு. அப்பாவோட அப்பா காலத்துல செங்கோட்டைப் பக்கமிருந்து மாட்டு வண்டியில வந்ததுன்னு சொல்லுவாங்க. அதுல 22 பலகையை அக்கா கேட்டு வாங்கிக்கிட்டா. ஒவ்வொண்ணும் ஆறு இஞ்ச் அகலம், ஒரு இஞ்ச் கனம். அவ வீட்டு முதல் மாடியில கிழக்குப் பாத்த திறந்த வெளியில டெக் போட்டாங்க. அம்மா இப்ப அக்கா கூடத்தான். சாயங்காலம் ஆனா அந்தப் பலகை மேலதான் உக்காந்து இருப்பாங்க.

வேலை செஞ்சவங்க செஞ்சது ரெண்டு காரியம். பலகையை இடைவெளியே இல்லாம நெருக்கி அடிச்சாங்க, "இப்பதான் பாக்க நீட்டா இருக்கும்". அப்புறம் கண்ணாடி மாதிரி பளபளக்குற வார்னிஷ் மூணு கோட்டு.

முதல் விஷயத்துக்கு வர்றேன். மரம் வெட்டி நூறு வருஷம் ஆனாலும் காத்துல இருக்குற ஈரத்தை வாங்கும், விடும். காத்துல ஈரப்பதம் 40 சதவீதம் இருக்குற இடத்துல ரொம்ப நாள் கிடந்த மரத்துக்குள்ள 7, 8 சதவீதம் தண்ணி இருக்கும். 80 சதவீதத்துல கிடந்தா 16 ஆயிடும். கடம்பூர்ல காய்ஞ்ச பலகையைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனா அது சும்மா இருக்காது, உப்பும். நீளவாக்குல ஒண்ணும் தெரியாது, அகலவாக்குலதான் உப்பும். ஆறு இஞ்ச் தேக்குப் பலகை சுமார் 2 மில்லிமீட்டர். அவ்வளவுதானான்னு தோணும். 22 பலகைக்குக் கணக்குப் போடுங்க, கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் இஞ்ச். அது எங்க போகும்? மேல்நோக்கித்தான். ஒரே வருஷத்துல நடுவுல ஏழெட்டுப் பலகை வயிறு மாதிரி எழும்பி, ஸ்க்ரூவைப் பிடுங்கிருச்சு.

கரிசக்காட்டுல பொறந்தவனுக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதே இல்லை. எங்க மண்ணே இப்படித்தான். ஐப்பசியில உப்பி நிக்கும், பங்குனியில கை நுழையுற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். அதுக்கு மேல வீடு கட்டி, சுவத்துல விரிசல் விடாத ஆளு எங்க ஊர்ல குறைவு. மண்ணுக்கு வெடிக்க இடம் வேணும்னா மரத்துக்கும் வேணும், அவ்வளவுதான். பலகைக்குப் பலகை 5 மில்லிமீட்டர் விட்டிருந்தாப் போதும்.

ரெண்டாவது அந்த வார்னிஷ். இதுதான் பெரிய கதை.

வார்னிஷ் மரத்துக்கு மேல ஒரு தோல். வீட்டுக்குள்ள கதவு, மேஜைக்கு ரொம்ப நல்லது. வெளிய வெயில்ல என்ன ஆகும்னா, நிறமில்லாத தோல் வழியா வெயிலோட புற ஊதாக் கதிர் அப்படியே உள்ள போகும். மரத்து நாரை ஒட்டிவச்சிருக்குற பசை மாதிரி ஒண்ணு இருக்கு, லிக்னின்னு பேரு. அதைக் கதிர் அரிச்சிடும். தோல் நல்லாத்தான் இருக்கும், அது பிடிச்சிக்கிட்டு இருந்த மரம் பொடியாப் போயிருக்கும். அப்புறம் பொருக்கு பொருக்கா உரியும். உரிஞ்ச ஓரம் வழியா மழைத்தண்ணி உள்ள போகும். மிச்சத் தோல் அதை வெளிய விடாது. போதாக்குறைக்குத் தேக்குலயே எண்ணெய்ப் பசை உண்டு, எந்தத் தோலும் அதுல லேசுல ஒட்டாது.

2020ல உரிய ஆரம்பிச்சது. அதுக்கு மேலயே இன்னொரு கோட்டு அடிச்சிட்டுப் போனாங்க. அப்புறம் 2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டத்துக்காரங்க அந்த ரெண்டு நாளை மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யுறதைவிட அதிகம். அக்கா வீட்டுத் தெருவுல இடுப்பளவு தண்ணி, அவங்க மாடியிலயே கிடந்தாங்க. தண்ணி வடிஞ்ச பிறகு பாத்தா டெக் கறுத்துப்போய், பாசி பிடிச்சு வழுக்குது. அத்தான் சொல்லிட்டாரு: "எல்லாத்தையும் பேத்துட்டு டைல்ஸ் போட்டுருவோம். அத்தைக்கு எழுபத்தாறு வயசு. வழுக்கி விழுந்தா யாரு பாக்க?"

அவர் சொன்னதுல தப்பே இல்லை. அம்மா மட்டும், "அது அவுக படுத்த கட்டிலுக்கு மேல இருந்த பலகைலா"ன்னு ஒருவாட்டி சொன்னாங்க. அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்லை. பேசாததுதான் எனக்கு என்னமோ செஞ்சுது. ரெண்டு மாசம் டைம் குடுங்க அத்தான்னு கேட்டேன்.

பிப்ரவரியில போனேன். வார்னிஷ் கடைக்குப் போறதுக்கு முன்னாடி பழைய துறைமுகம் பக்கம் தோணி பாக்கப் போனேன். தெரியாதவங்களுக்கு: தூத்துக்குடித் தோணின்னா மீன்பிடி வள்ளம் இல்லை, சரக்கு ஏத்துற பெரிய மரக்கப்பல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தலைமுறை தலைமுறையா ஓடினது. பாய் போயி இன்ஜின் வந்தது, ஆனா உடம்பு மரம்தான். கடலுக்கு நடுவுல, வெயில்ல, நாள்பூரா நனையுற மரத்தளம். இவங்களுக்குத் தெரியாத டெக் பராமரிப்பா?

அங்க ஒரு வயசான மேஸ்திரி. நான் வார்னிஷ் கதையைச் சொன்னதும் சிரிச்சாரு. "தண்ணி உள்ள போகாம பாக்கணும், சரி. போன தண்ணி வெளிய வர வழி வச்சியளா தம்பி?" இந்த ஒரு கேள்விக்குள்ள எல்லாம் அடங்கிருச்சு.

தோணியில பலகைக்கும் பலகைக்கும் நடுவுல பருத்தித் திரியை உளியால அடிச்சுத் திணிக்கிறாங்க. அதுக்குக் கலப்பத்துன்னு பேரு. மேல குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவாங்க. (பருத்தின்னதும் எனக்கு ஒரு சின்னப் பெருமை. கருங்கண்ணிப் பருத்தி எங்க சீமைப் பயிருல்லா!) பலகை மேல மீன் எண்ணெய், இல்லைன்னா முந்திரிக்கொட்டைத் தோட்டுல இருந்து எடுக்குற எண்ணெய். ரெண்டும் தோல் இல்லை, மரம் குடிக்கிற சாமான். பூச்சி, பூஞ்சை ரெண்டுக்கும் முந்திரி எண்ணெய்னா ஆகாது.

இன்னொண்ணு சொன்னாரு, நான் தலைகீழா நினைச்சிட்டு இருந்தது. கடல் தண்ணி பட்டா மரம் உளுத்துப் போகாது, மழைத்தண்ணி தேங்கினாதான் உளுக்கும். யோசிச்சுப் பாத்தா சரிதான். மரத்தைத் திங்குற பூஞ்சைக்கு உப்பு ஆகாது. நல்ல தண்ணி தேங்கி, மரத்துக்குள்ள ஈரம் 20 சதவீதத்துக்கு மேல ரொம்ப நாள் நின்னா அதுக்குக் கொண்டாட்டம். ஆனா வீட்டுக்காரனுக்கு உப்பு வேற மாதிரி எதிரி. காத்துல ஈரப்பதம் 75 தாண்டினா உப்பு தானாத் தண்ணியை இழுத்துக் கசியும், அடுப்படி உப்பு ஜாடியில பாக்குறோமே அதேதான். பலகை மேல உப்பு இருக்க, அதுக்கு மேல எதைப் பூசினாலும் அடியில ஈரம் ஊறிக்கிட்டே இருக்கும். அதனால பூசுறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியால கழுவி, பிறகு காய விடணும்.

திரும்பி வந்து, ஒரு ஆசாரியை வச்சு 22 பலகையையும் கழட்டினோம். வார்னிஷைச் சுரண்டி எடுக்கவே மூணு நாள். நாலு பலகையோட நுனி கையால பிச்சா வருது. எப்பவுமே நுனிதான் முதல்ல போகும். வெட்டு முகத்துல நார்க்குழாய் எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு இருக்கும், ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும். பலகையோட முகத்துக்கு மூணு கோட்டுன்னா நுனிக்கு அஞ்சு குடுக்கணும். அந்த நாலுலயும் வெள்ளை ஓடின பக்கம்தான் உளுத்திருந்தது, வைரம் கல்லு மாதிரி நின்னுது. இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிச்ச இடத்துல எல்லாம் மைக்கறை மாதிரி கறுப்பு. அதுக்கு ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் பூசிக் கழுவினோம் (கையுறை போட்டுக்கோங்க), முக்கால்வாசி போயிருச்சு.

ஈரம் பாக்குற மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். முதல் நாள் பலகை காட்டினது 24, 26. இதுல எந்த எண்ணெயைப் பூசினாலும் வீண். நடுநடுவுல ரீப்பர் வச்சு நிழல்ல அடுக்கி, காத்து போற மாதிரி விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். அத்தான் முகம் போன போக்கைப் பாக்கணுமே, "இதுதான் வேலையா"ங்கிற மாதிரி. ஆனா நிஜமாவே இதுதான் வேலை. மத்ததெல்லாம் ரெண்டு நாள் சோலி.

மார்ச் கடைசியில போனப்ப 15. சரி, இனி பூசலாம்.

என்ன பூசுறது? முந்திரி எண்ணெய் ஆசை இருந்தது. ஆனா அது தோல்ல பட்டாக் கொப்புளம் போடும். அம்மாவும் அக்கா பேரப்பிள்ளையும் வெறுங்காலோட நடக்குற இடம், வேண்டாம்னு விட்டேன். வெறும் ஆளிவிதை எண்ணெயும் தனியா ஆகாது. காஞ்ச ஊருக்கு அருமை, புழுக்கமான ஊர்ல பூஞ்சை அதையே சாப்பாடா எடுத்துக்கிட்டுக் கறுத்துப் போகும். கடைசியில பூஞ்சை மருந்து கலந்த, வெளிவேலைக்கான நிறமுள்ள டெக் எண்ணெய். அந்த நிறம் முக்கியம். ஸ்டெயின்னா அலங்காரம்னு நினைக்கிறோம், அது மரத்துக்குப் பிடிக்கிற குடை. அதுல இருக்குற இரும்பு ஆக்ஸைடுதான் வெயிலைத் தடுக்குது. நம்ம ஊர்க் காவியும் அதே சரக்குதான்.

உப்புத்தாள்ல 80 போட்டுத் தேய்ச்சு, 120 போட்டு நிறுத்திட்டோம். அதுக்கு மேல வழவழப்பாக்கினா எண்ணெய் இறங்காது, காலும் வழுக்கும். தின்னர் துணியால ஒரு துடைப்பு. பனி காஞ்ச பிறகு காலை ஒன்பதரைக்கு ஆரம்பிச்சு, கடக்காத்து எழும்புறதுக்கு முன்னாடி முடிக்கிறதுன்னு கணக்கு. வெயில் நேரா விழாம ரெண்டு ஓலைத்தட்டி கட்டினோம். சூடான பலகையில எண்ணெய் இறங்குறதுக்கு முன்னாடியே மேல காய்ஞ்சிடும். அடிப்பக்கமும் ஒரு கோட்டு. யாரும் செய்யுறதில்லை, ஆனா ஒரு முகம் மட்டும் ஈரம் வாங்கினா பலகை வளையும். பூசி இருபது நிமிஷத்துல குடிக்காத எண்ணெயைப் பனியன் வேஸ்ட்டால துடைச்சே ஆகணும், இல்லைன்னா மாசக்கணக்கா பிசுபிசுக்கும்.

அந்த வேஸ்ட்டைச் சுருட்டி மூலையில போட்டுறாதீங்க. ஆளிவிதை மாதிரி காயுற எண்ணெய் காத்தோட சேரும்போது சூடு கிளம்பும், குவிச்சு வச்சா தானாத் தீப்பிடிக்கும். நிஜமாத்தான். நான் ஒரு வாளித் தண்ணியில முக்கி வச்சேன். அக்கா, "எண்ணெய்த் துணியைப் போயி தண்ணியில ஊற வைக்கானே"ன்னு அத்தான்கிட்ட சொல்லிச் சிரிச்சா.

திரும்ப அடிக்கும்போது 5 மில்லிமீட்டர் இடைவெளி, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. உளுத்த நுனி போக 20 பலகைதான் தேறிச்சு, டெக் கொஞ்சம் சின்னதாப் போச்சு.

2025 பொங்கலுக்குப் போனப்ப தண்ணி தெளிச்சுப் பாத்தேன். முத்து முத்தா நின்னா எண்ணெய் இன்னும் இருக்குன்னு அர்த்தம், ஊறிப் போனா அடுத்த கோட்டுக்கு நேரம். சுவரோரம் முத்தா நின்னுது. கடல் பாத்த ஓரத்து நாலு பலகை மடக் மடக்னு குடிச்சிருச்சு. அந்த நாலுக்கு மட்டும் பாத்திரம் விளக்குற நாரால லேசாத் தேய்ச்சு ஒரு கோட்டு. அரை நாள் வேலை, உரிக்கிற சோலியே இல்லை. கடலோரத்துல வருஷா வருஷம் இது உண்டு. செய்ய முடியாதுன்னா டைல்ஸே போட்டுருங்க, அத்தான் கட்சியில நானும் சேந்துக்குவேன்.

நுனி போன பலகையில மிச்சத்தை அறுத்து ஆசாரி ரெண்டு மணைப்பலகை பண்ணிக் குடுத்தாரு. ஒண்ணை அம்மா வச்சிருக்காங்க. இன்னொண்ணு கடம்பூர்ல என்கிட்ட இருக்கு. வந்த வேகத்துல காய்ஞ்சு நடுவுல ஒரு கீறல் விட்டிருக்கு. அதுக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும் போட்டிருக்கேன், இந்த ஊருக்கு அது போதும்.

முந்திரி எண்ணெயைக் கொப்புளம் வராம கையாளத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. குளச்சல், நாகப்பட்டினம் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.