கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கடலோரத்தில் மீன் தொட்டி வைத்தால் முதல் சண்டை உப்போடுதான். கனகசெட்டிக்குளத்தில் சாயங்காலம் துடைத்த கண்ணாடி விடிவதற்குள் மங்கிவிடும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பிளாஷ் விழுந்தால் படம் முழுக்க வெள்ளைப் பொட்டு. முதலில் ஈரத்துணி, பிறகுதான் காய்ந்த துணி. மாற்றிச் செய்தால் கீறல் விழும். லென்சுக்கும் இதே வினைதான், ஈரக்காற்றில் உள்ளே பூஞ்சை கட்டும். இறுக மூடும் டப்பா, சிலிக்கா ஜெல்.

*

அறை விளக்கை அணைக்கணும். கறுப்புச் சட்டை. லென்ஸ் முனையில் ரப்பர் வளையம் போட்டுக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டால் முகம், சன்னல், காலண்டர் எதுவும் படத்தில் வராது. சாய்த்து எடுக்கவே கூடாது. தண்ணீரும் கண்ணாடியும் ஒளியை வளைத்துச் செதில் ஓரங்களை இழுத்துவிடும். போலரைசர் வாங்கச் சொல்பவர்களுக்கு: அது 56 டிகிரி வாக்கில் சாய்ந்து பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் நன்றாகத் தடுக்கும். நேர் எதிரே நிற்பவருக்கு வெளிச்சம் குறைவதுதான் மிச்சம்.

*

செல்போன் படத்தில் வரிவரியாக இருட்டு விழுகிறதா? நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/100 வைத்தால் வரி போகும், ஆனால் ஓடுகிற மீன் கலங்கிவிடும். ஆகவே பிளாஷ். கேமரா தலையில் வேண்டாம். தொட்டிக்கு மேலே, நடுவில் ஒரு டிரேசிங் பேப்பர் வைத்து, கீழ்நோக்கி. எஃப்/8, 1/200, ஐஎஸ்ஓ 200இல் ஆரம்பிக்கலாம். மீனின் வெள்ளிப் பளபளப்பு சாயமில்லை, தோலில் அடுக்கியிருக்கும் குவானின் படிகங்கள். முன்னாலிருந்து அடித்தால் அவை ஒளியை அப்படியே லென்சுக்குத் திருப்பியடிக்கும்.

*

ஊசியால் கலர் ஏற்றிய கண்ணாடி மீன்களை நான் எடுப்பதில்லை. அந்த நிறம் அவற்றுடையதல்ல, சில மாதத்தில் மங்கியும் போகும்.

*

“என்ன மாமா, கொளத்தூர் சந்தைக்குப் போய் பைட்டர் மீன் வாங்கியாந்தா படம் சும்மா ஜொலிக்குமே!” பக்கத்து வீட்டுப் பையன். ஜொலிக்கும்தான். ஆனால் என் தொட்டியில் இருப்பது நம்ம வாய்க்கால் மீன், இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. 1831இல் பாரிசில் வெளிவந்த மீன் நூல் வரிசையில் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இதற்குப் பெயர் வைத்தார். முதல் மாதிரிகள் நம்ம அரியாங்குப்பத்து ஆற்று மீன்கள். அந்தக் ‘குப்பம்’ ஒட்டிக்கொண்டுதான் இன்றும் இதன் பெயர் சூடோஸ்ப்ரோமினஸ் குபானஸ். சாராயத்தில் போட்ட மீனில் சிவப்பு நிற்காது. ஜாடியைப் பார்த்து எழுதுகிறவருக்குப் பழுப்பு மீன் ஒன்றுதான் தெரிந்திருக்கும்.

கடைக்காரர்களுக்கும் அப்படித்தான் தெரிகிறது. வெள்ளை வாளியில் விட்டால் சாம்பல் நிறமாகி மூலையில் ஒடுங்கும். கறுப்பு மணல், மிதக்கும் செடி, காய்ந்த பாதாம் இலை ஒன்று. தண்ணீர் தேநீர் நிறம் ஆனபின் சில நாள் சும்மா விடணும். கண் முதலில் சிவக்கும். பிறகு ஆணின் வால் ஓரத்திலும் அடித்துடுப்பிலும் சிவப்பு ஏறும், வால் நடுவிலிருந்து முள் மாதிரி ஓர் இழை நீளும். கேமராவுக்கு எவ்வளவு செலவழித்தாலும் பயந்த மீனில் இது கிடைக்காது. எடிட்டிங்கில் சிவப்பைக் கூட்டினால் மணலும் சேர்ந்து சிவக்கும்.

*

இது காற்றையும் சுவாசிக்கும் மீன். மேலே வந்து ஒரு வாய் வாங்கிக்கொண்டு இறங்கும். இறங்கும்போது ஒரு கணம் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். அப்போதுதான் அழுத்தணும், போகஸ் கண்ணில்.

*

முட்டையிடும் நேரத்தில் பெண் ஏறக்குறைய கறுத்துவிடும். ஆண் இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டிக் காவல் நிற்கும். மேலிருந்து பார்த்தால் இலைதான் தெரியும். கேமரா கீழே இருக்கணும், தொட்டி உயரமான முக்காலியில்.