ஓவரா பண்ண வேணாமாம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. இப்பத்தான் ஒட்டடை அடிச்சு முடிச்சேன். ஒரே ஒரு வார்த்தையைப் பத்தி எழுதணும்னு சில வருஷமா நெனச்சுக்கிட்டே இருக்கேன். வார்த்தை, 'ஓவர்'.

நம்ம ஊர்ல இந்த ஒரு சொல்லை வெச்சுக்கிட்டே வாழ்க்கையை ஓட்டிடலாம் மக்களே. நண்பன் கதையளந்தா 'ஓவரா விடாதே'. மாப்பிள்ளை வீட்டார் முறுக்கிக்கிட்டா 'ரொம்பத்தான் ஓவர்'. ஹீரோ தேம்பித் தேம்பி அழுதா 'ஓவர் ஆக்டிங்'. ரிசப்ஷன் மேடை கண்ணைப் பறிச்சா அதுவும் ஓவர்தான். இங்கிலீஷ்காரன் இதுக்கெல்லாம் தனித்தனியா சட்டை தெச்சு வெச்சிருக்கான். வாயால கூட்டிச் சொன்னா எக்ஸாஜரேட். உடம்பைப் போட்டு அளவுக்கு மேல வருத்திக்கிட்டா ஓவர்டூ. சின்ன விஷயத்துக்கு வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சா ஓவர்ரியாக்ட். அலங்காரம் எல்லை தாண்டினா ஓவர் த டாப்.

இந்த ஓவர் த டாப், முதல் உலகப் போர்ல பதுங்குகுழியை விட்டு மேலே ஏறி எதிரி துப்பாக்கிக்கு நேரா ஓடினதுக்குச் சொன்னது. இன்னிக்கு ஜிகினா புடவைக்குச் சொல்றாங்க. ஓவர்கில் பனிப்போர் காலத்துச் சமாச்சாரம். எதிரி நாட்டை ஒரு தடவை அழிச்சாப் பத்தாதா, பல தடவை அழிக்கிற அளவுக்கு எதுக்கு அணுகுண்டுங்கிற கணக்கு. எக்ஸாஜரேட்டுக்கு லத்தீன்ல மண்ணைக் குவிச்சு மேடாக்குறதுன்னு அர்த்தம். எனக்குப் பிடிச்சது 'ஓவர் எக்கிங் த புட்டிங்'. புட்டிங்குல முட்டையை அளவுக்கு மேல உடைச்சு ஊத்திக் கெடுக்கிறது. (ஹைப்பர்போலியை ரொம்ப வருஷம் 'ஹைப்பர்போல்'னு படிச்சுக்கிட்டு இருந்தேன். ஆபீஸ் மீட்டிங்ல சத்தமா சொல்லித்தான் தெரிஞ்சுது. அது தனிக் கதை.)

இவ்வளவு வியாக்கியானம் பேசுறவன் செஞ்ச காரியத்தைக் கேளுங்க.

2018-ல அம்மா எங்களோட இருக்க இங்கிலாந்து வந்திருந்தாங்க. எங்கம்மாவுக்கு எல்லாமே 'உயிர் போகுது'தான். கால்ல சுளுக்கா, உயிர் போகுது. குளிரா, உயிர் போகுது. சீரியல் பாக்கும்போது கரண்ட் போனாலும் அதே உயிர்தான் போகும். வந்த மூணாவது வாரம் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல வலது விலாவுக்குக் கீழே பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. வலி தோள்பட்டை வரைக்கும் போகுதுன்னாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

அந்தம்மா பொறுமையா, "வலி பத்துக்கு எவ்வளவு?"ன்னு கேட்டாங்க. நான் தமிழ்ல கேட்டேன். அம்மா, "பத்தாவது பதினஞ்சாவது... உயிர் போகுதுடா"ன்னாங்க.

எனக்குக் கொஞ்சம் கூச்சமாப் போச்சு. சிரிச்சுக்கிட்டே, "ஷீ டெண்ட்ஸ் டு எக்ஸாஜரேட் எ பிட்"னு சொன்னேன்.

'அம்மா கொஞ்சம் ஓவராத்தான் சொல்வாங்க'ன்னு தமிழ்ல சொன்னா அதுல பாசமும் உண்டு. வலி இல்லைன்னு அதுக்கு அர்த்தம் இல்லை. இங்கிலீஷ்ல அது அப்படிப் போய்ச் சேரலை. இருக்கிறது கம்மி, சொல்றது ஜாஸ்தின்னு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அதுவும் அந்த ஊர்ல. கை ஒடிஞ்சவன்கூட 'நாட் டூ பேட்'னு சொல்ற ஊர் அது. வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டாங்க. டாக்டரைக் குத்தம் சொல்ல மாட்டேன். நான் கொடுத்த தகவல் அப்படி.

ரெண்டாவது நாள் ராத்திரி குளிர் ஜுரம், வாந்தி. 999-க்கு போன் போட்டோம். பித்தப்பையில கல், அதோட வீக்கம். ஆபரேஷன் பண்ணிக் கல்லோட பையையும் எடுத்துட்டாங்க.

வெயிட்டிங் ரூம்ல உட்கார்ந்திருந்தப்பத்தான் உறைச்சுது. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் தினமும் பன்னெண்டு மணிக்கு 'ஐயாம் ஸ்டார்விங்'பான். பட்டினி கிடக்கிறவன் மூஞ்சியா அது! புது ஷூ போட்டா 'மை ஃபீட் ஆர் கில்லிங் மீ'ம்பாங்க. அதுவும் உயிர் போகுதுதானே? ரெண்டும் ஒண்ணுதான். அம்மா சொன்னதை அப்படியே சொல்லிட்டு நான் வாயை மூடியிருக்கலாம்.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு நர்ஸ் அம்மா கையைப் பிடிச்சு, "டோண்ட் ஓவர்டூ இட், டியர்"னாங்க. அம்மா என்னைப் பாத்தாங்க. தூக்கமில்லாத மண்டை, வாய் தானா சொல்லிடுச்சு: "ஓவரா பண்ண வேணாமாம்மா."

அம்மா மூஞ்சி சுருங்கிப் போச்சு. "நான் என்னடா ஓவரா பண்ணேன்?"

ஐயையோ, உடம்பை அலட்டிக்க வேணாம்னு சொல்றாங்கம்மான்னு பதறிப் பதறி விளக்கினேன். கேட்டுக்கிட்டாங்க. கார்ல வரும்போது ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே, "அன்னிக்கு அந்த டாக்டர்கிட்ட எக்ஸாஜரேட்னு என்னவோ சொன்னியே, அதுவும் இதுதானா?"ன்னு கேட்டாங்க. சிக்னல் பச்சை விழுந்தது எனக்குத் தெரியலை. பின்னாடி வந்தவன் ஹாரன் அடிச்சான்.

ஊருக்குப் போய்ட்டாங்க. இப்பல்லாம் போன்ல உயிர் போகுதே வர்றதில்லை. முழங்கால் வீங்கி இருக்குன்னு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாகிட்ட கேட்டா 'லேசா'ம்பாங்க. போன வாரமும் அதேதான்.

"லேசான்னா பத்துக்கு எவ்வளவும்மா?"ன்னு கேட்டேன்.

"நீயே ஒரு நம்பர் போட்டுக்கோடா"ன்னுட்டு அக்காகிட்ட போனைக் கொடுத்துட்டாங்க.